பத்து நாடுகளுக்கு ஒரே பனித்துண்டு: துருவ ஆய்வில் கூட்டு வேலை எப்படி நடக்கிறது?

அண்டார்டிகாவின் பனியைத் துளைத்து வெளியே எடுக்கும் உருளையின் விட்டம் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஐஸ் கோர் என்று ஆய்வாளர்கள் சொல்லும், கடந்தகாலக் காலநிலையின் பதிவான இந்த உருளையை ஐரோப்பியக் குழுக்கள் 55 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மேலிருந்து கீழாக எண் போட்டுப் பைகளில் இடுகின்றன. அதன்பிறகு பங்கு பிரிப்பு. குளிர் அறையில், பட்டை ரம்பத்தில் வைத்து நீளவாக்கில் அறுப்பார்கள். நடுவிலிருந்து ஒரு சதுரக் குச்சி வரும். அதைச் சூடான தட்டின்மேல் நிறுத்தி மெல்ல உருக்கி, உப்பையும் தூசியையும் தொடர்ச்சியாக அளப்பார்கள். ஒரு துண்டு காற்றுக் குமிழிகளுக்கு. ஒரு பட்டை நீரின் ஐசோடோப்புகளுக்கு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களுக்கு. இன்னொன்று பனிப்படிகங்களின் அமைப்பைப் பார்க்க. மிச்சம் ஒரு பகுதியை யாரும் தொடக்கூடாது. இன்னும் பிறக்காத கருவிகளுக்காக அது சேமிப்புக்குப் போகும்.

எந்தப் பட்டை எந்த ஆய்வகத்துக்கு, எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் என்பதெல்லாம் ரம்பம் ஓடும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம். அற்பச் சண்டை போலத் தெரியும், ஆனால் அற்பமல்ல. மிக ஆழத்தில் ஒரு மீட்டர் பனிக்குள் 13,000 ஆண்டுகள் வரை அழுந்திக் கிடக்கின்றன. பட்டையின் அகலம் குறைந்தால், அளவீட்டுக்குப் போதுமான எடை சேர நீளத்தைக் கூட்ட வேண்டும். நீளம் கூடினால் பல நூற்றாண்டுகள் கலந்து ஒரே எண்ணாக வெளிவரும். ஒரு நாட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் தாராளம் காட்டினால் இன்னொரு நாட்டின் வரைபடம் மங்கும்.

துருவ ஆய்வில் பன்னாட்டு ஒத்துழைப்பு என்றதும் வெள்ளைப் பரப்பில் வரிசையாகப் பறக்கும் கொடிகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த ஒத்துழைப்பைத் தாங்கி நிற்பதோ வெட்டுத் திட்டம், பொதுக் கடிகாரம், கருவிகளின் அளவுத்திருத்தம், எரிபொருள் கணக்கு, தரவை வெளியிடும் தேதி போன்ற சலிப்பூட்டும் உடன்பாடுகள். இவை ஒழுங்காக இருந்த இடங்களில் பனிப்போர் உச்சத்திலும் வேலை நடந்திருக்கிறது. இவை இல்லாத இடங்களில் உயிரைப் பணயம் வைத்து எடுத்த அளவீடுகள்கூட அலமாரியில் தூங்கியிருக்கின்றன.

கோட்டிங்கன் நேரம்

ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட் 1872 முதல் 1874 வரை நடந்த வடதுருவப் பயணத்தின் தலைவர்களில் ஒருவர். கப்பல் பனியில் சிக்கி அலைந்தது. பிரான்ஸ் ஜோசப் நிலம் என்ற தீவுக்கூட்டம் உலக வரைபடத்தில் ஏறியது. புகழோடு திரும்பியவர் அந்தப் புகழையே கேள்வி கேட்டார். யார் அதிகத் தொலைவு வடக்கே போனார் என்ற ஓட்டப்பந்தயத்தால் அறிவியலுக்கு என்ன பயன்? காந்தப் புயலும் துருவ ஒளியும் வானிலையும் ஒரே இடத்தில் நிகழ்பவை அல்ல. ஒரே நேரத்தில், ஒரே முறையில், பல இடங்களில் அளந்தால்தான் அவை பிடிபடும்.

வைப்ரெக்ட் 1881இல் இறந்துவிட்டார். அவர் கேட்டது 1882-83இல் முதல் சர்வதேச துருவ ஆண்டாக நடந்தது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் வடதுருவத்தைச் சுற்றி நிலையங்களை அமைத்தன. தெற்கே ஹார்ன் முனையில் பிரான்சும், தென் ஜார்ஜியாத் தீவில் ஜெர்மனியும் இருந்தன. மாதத்தின் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் சிறப்பு நாள்கள். அன்று எல்லா நிலையங்களிலும் காந்த ஊசியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்க வேண்டும்; அதுவும் உள்ளூர் நேரப்படி அல்ல, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரப்படி. காந்தவியல் ஆய்வில் கணித மேதை கௌஸ் காலத்திலிருந்தே அந்த ஊர்தான் மையம். உலகம் பொது நேர முறைக்கு வந்து சேராத காலத்தில் துருவத்தில் இருந்தவர்கள் ஒரே கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

விலை கடுமையாக இருந்தது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில், லேடி பிராங்க்ளின் விரிகுடாவில் தங்கிய அமெரிக்கக் குழுவில் 25 பேர். 1882இல் நிவாரணக் கப்பலால் அவர்களை எட்ட முடியவில்லை. 1883இல் வந்த புரோட்டியஸ் கப்பலைப் பனி நசுக்கி மூழ்கடித்தது. 1884இல் மீட்புக் குழு வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 7 பேர். அவர்களில் ஒருவர் சில நாள்களில் இறந்தார். அந்தக் குழு தன் பதிவேடுகளைக் கைவிடவில்லை.

ஆனால் அளவீடுகளுக்கு என்ன ஆனது? கடிகாரத்தைப் பொதுவாக்கியவர்கள் பகுப்பாய்வைப் பொதுவாக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் எண்களைத் தனித் தொகுதியாக, தன் வசதிக்கு ஏற்ற வேகத்தில் அச்சிட்டது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை. இந்தப் பிழை திருந்த முக்கால் நூற்றாண்டு ஆனது.

திருத்தம் வந்தது 1957-58இல். 1950 ஏப்ரலில் மேரிலாந்தில், இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் வீட்டு விருந்தில் எழுந்த யோசனை அது. 67 நாடுகள் சேர்ந்த சர்வதேச புவி இயற்பியல் ஆண்டாக வளர்ந்தது. இந்த முறை உலகத் தரவு மையங்களை முதலிலேயே ஏற்பாடு செய்தார்கள். ஒரு மையம் அமெரிக்காவில், ஒன்று சோவியத் ஒன்றியத்தில், மூன்றாவது ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பிரித்து வைக்கப்பட்டது. எந்த ஒரு பேரழிவிலும் மொத்தத் தரவும் அழியக்கூடாது என்ற கணக்கு. அணுகுண்டு காலத்து எச்சரிக்கை அறிவியலுக்குச் செய்த ஓர் உருப்படியான உதவி என்று இதைச் சொல்லலாம்.

அந்த ஆண்டுக்காகப் பிரிட்டன் அண்டார்டிகாவில் அமைத்த ஹேலி நிலையத்தில் 1956 முதல் டாப்சன் நிறமாலைமானியால் ஓசோனை அளந்து வந்தார்கள். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் ஓசோன் துளையை அறிவித்தது இந்த நீண்ட தொடரை வைத்துத்தான். வசந்தகால அளவு வீழ்வதைக் கண்டவர்களுக்கு முதலில் எழுந்தது கருவிக் கோளாறோ என்ற ஐயம். அதைப் போக்கியது அளவுத்திருத்தம்: உலகெங்கும் உள்ள டாப்சன் கருவிகள் ஒரு பொதுக் கருவியோடு படிப்படியாக ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுபவை. அந்தச் சங்கிலி இல்லையென்றால் முப்பது ஆண்டு எண்கள் ஒன்றோடொன்று பேசியிருக்காது.

துளைக்குள் நடப்பவை

கூட்டு வேலையின் அருமையும் அவஸ்தையும் பனித் துளைப்பில்தான் முழுசாகத் தெரியும்.

ஆழமான துளைப்பில் கம்பிவடத்தின் முனையில் தொங்கும் மின் இயந்திரத் துரப்பணம் இறங்குகிறது. ஒரு முறை இறங்கினால் மூன்று நான்கு மீட்டர் உருளைதான் கிடைக்கும். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், இறங்கி ஏறுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். துளையை வெறுமையாக விடவும் முடியாது. சுற்றியுள்ள பனி தன் எடையாலேயே துளையை மெல்ல மூடிவிடும். எனவே பனியின் அடர்த்தியை ஒத்த, அதாவது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 920 கிலோ எடையுள்ள, உறையாத திரவத்தால் நிரப்ப வேண்டும். மண்ணெண்ணெய் வகை மட்டும் போதாது, அது இலேசானது. அடர்த்தியைக் கூட்ட ஓசோனை அரிக்கும் குளோரின் சேர்மங்களில் ஒன்றைக் கலந்து வந்தார்கள். அண்டார்டிக் ஆய்வு கண்டுபிடித்த ஓசோன் துளை 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு வழிவகுத்தது. அந்த உடன்படிக்கையின்படி அதே சேர்மம் பிற்பாடு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கிரீன்லாந்தில் 14 நாடுகள் சேர்ந்து துளைத்த நீம் திட்டத்தில் தேங்காய் எண்ணெயிலிருந்து பெறும் எஸ்டர் வகைத் திரவத்துக்கு மாறினார்கள்.

அடுத்த தொல்லை, துரப்பணம் சிக்கிக்கொள்வது. வெட்டும்போது வரும் பனித்துருவல் சேகரிப்புக் குழாய்க்குள் போகாமல் சுற்றிலும் அடைத்துக்கொண்டால் துரப்பணம் அசையாது. கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றி உருக்கிப் பார்ப்பார்கள், எப்போதும் பலிக்காது. பத்து ஐரோப்பிய நாடுகளின் எபிகா திட்டம் அண்டார்டிகாவின் டோம் சி என்ற பனிமேட்டில் தொடங்கிய முதல் துளை 788 மீட்டரில் இப்படித்தான் முடிந்தது. துரப்பணத்தை உள்ளேயே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாகத் தொடங்கினார்கள். அந்த இரண்டாம் துளை 2004 டிசம்பரில் 3,270 மீட்டரை எட்டி 8 லட்சம் ஆண்டுகளின் காலநிலைப் பதிவைத் தந்தது. கிரீன்லாந்தின் நார்த்கிரிப் திட்டமும் 1997இல் ஒரு துரப்பணத்தை இழந்தது.

சுமார் 600 முதல் 1,200 மீட்டர் வரை நொறுங்கும் மண்டலம். அங்கே காற்றுக் குமிழிகள் கடும் அழுத்தத்தில் இருக்கும். மேலே வந்ததும் அழுத்தம் விலகி உருளை கண்ணாடிபோல் சிதறும். அவசரப்பட்டு அறுத்தால் பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பகுதியை அங்கேயே பனிக்குழியில் ஏறத்தாழ ஓராண்டு வைத்திருந்து, அடங்கிய பிறகுதான் வெட்டுவார்கள். இது அறிவியல் தாமதம் மட்டுமல்ல, அரசியல் தாமதமும்கூட: நிதி கொடுத்த பத்து அரசுகளுக்கும் இந்த ஆண்டு முடிவு வராது என்று விளக்க வேண்டும். அடிப்பகுதியில் நிலமை வேறு. பூமியின் வெப்பத்தால் பனி உருகுநிலைக்கு நெருங்கி இருக்கும். துருவல் கத்தியில் ஒட்டி உறையும். ஒவ்வொரு இறக்கத்திலும் சில சென்டிமீட்டர்தான் முன்னேற்றம்.

ஒரே பனியை இரண்டு குழுக்கள் தனித்தனியே துளைப்பது வீண்செலவாகத் தோன்றலாம். கிரீன்லாந்தின் உச்சியில் 1992இல் ஐரோப்பியக் குழுவும் 1993இல் அமெரிக்கக் குழுவும் சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகளை முடித்தன. இரண்டும் மூவாயிரம் மீட்டருக்கு மேல். மேலிருந்து பத்தில் ஒன்பது பங்கு வரை இரண்டு பதிவுகளும் அச்சு அசலாகப் பொருந்தின. அடியில் உள்ள பத்து சதவீதத்தில் பொருந்தவே இல்லை. பாறைக்கு அருகில் பனி மடிந்து, அடுக்குகள் தலைகீழாகக் கலந்திருந்தன. ஒரே துளை இருந்திருந்தால் அந்த மடிப்புகளைக் கடந்தகாலத்தின் திடீர்க் காலநிலைப் பாய்ச்சல்கள் என்று உலகம் நம்பியிருக்கும். கூட்டு வேலையில் ஒருவர் செய்ததை இன்னொருவர் வேறு கருவியால் மறுபடி செய்வதும் சேரும். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எழுதக் கடினமான, ஆனால் தவிர்க்கக் கூடாத பகுதி அது.

பனிப்போர் காலத்து உதாரணம் வஸ்தோக். 1983 ஜூலை 21 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸ் பதிவான சோவியத் நிலையம். துரப்பணமும் துளைப்பவர்களும் சோவியத். உருளைகளை ஏற்றிப் போனவை அமெரிக்காவின் பனிச்சறுக்குச் சக்கரம் பூட்டிய சி-130 விமானங்கள். அளந்தவை பிரெஞ்சு ஆய்வகங்கள். கரியமில வாயுவும் வெப்பநிலையும் கைகோத்து ஏறி இறங்குவதை 1,60,000 ஆண்டு நீளத்துக்குக் காட்டிய கட்டுரைகள் 1987இல் வந்தன. 1998இல் அதே இடத்தில் 3,623 மீட்டர் ஆழம் எட்டப்பட்டு, பதிவு 4,20,000 ஆண்டுகளுக்கு நீண்டது. மூன்று அரசுகளில் எதுவும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்பதே அவற்றைச் சேர்த்து வைத்தது. பரஸ்பர அன்பு ஒன்றும் பெருக்கெடுத்து ஓடவில்லை.

இப்போதைய முயற்சி, டோம் சி-க்கு அருகே லிட்டில் டோம் சி-யில். பத்து ஐரோப்பிய நாடுகளின் 12 நிறுவனங்கள். 2025 ஜனவரியில் 2,800 மீட்டரில் பாறையைத் தொட்டார்கள்; 12 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட பனி. அதை இத்தாலியின் லாரா பாசி கப்பல் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக் கொள்கலன்களில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது. வெட்டுவது ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனில். இந்தக் குளிர்ச் சங்கிலியில் ஓர் இரவு மின்சாரம் நின்றால் வாயு அளவீடுகள் கெடும். அதனால் கொள்கலன்களுக்கு இரட்டை ஏற்பாடு தேவை. வெப்பநிலைப் பதிவுக் கருவியும் கூடவே பயணிக்க வேண்டும்.

தரவைச் சேர்ப்பது என்றால்

வஸ்தோக் நிலையத்துக்கு அடியில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பனிக்குக் கீழே, 250 கிலோமீட்டர் நீள ஏரி இருப்பதை 1996இல் ரஷ்ய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை உறுதிசெய்தது. புதிய பயணம் எதுவும் அதற்கு நடக்கவில்லை. 1960களில் சோவியத் குழு எடுத்த நிலநடுக்க அலைப் பதிவு ஒன்று இருந்தது. 1970களில் பிரிட்டிஷ் குழு, அமெரிக்க விமானங்களில், டென்மார்க் தயாரித்த ரேடாரை வைத்துப் பறந்தபோது கிடைத்த படச்சுருள் இருந்தது. ஐரோப்பியச் செயற்கைக்கோள் காட்டிய, விசித்திரமாகத் தட்டையான பனிப்பரப்பு இருந்தது. மூன்றும் சேர்ந்தபோது ஏரி தெரிந்தது. ஒவ்வொன்றும் பல ஆண்டுகள் தனியே கிடந்தபோது அவற்றுக்கு அவ்வளவு பேச்சில்லை.

ஆனால் சேர்ப்பது என்பது கோப்புகளை ஒரே உறையில் போடுவதல்ல. அண்டார்டிகாவின் பனிக்கு அடியில் உள்ள நிலவடிவ வரைபடமான பெட்மேப் இதற்குச் சரியான பாடம். 2001, 2013, 2025 என்று மூன்று பதிப்புகள். கடைசியில் 8 கோடிக்கு மேற்பட்ட அளவீட்டுப் புள்ளிகள். ரேடார் உண்மையில் அளப்பது அலை போய்வரும் நேரத்தை. அதை ஆழமாக்கப் பனிக்குள் அலையின் வேகம் வேண்டும்: மைக்ரோ விநாடிக்குச் சுமார் 168 மீட்டர். மேல்புறத்தில் இறுகாத பனியில் வேகம் அதிகம். அதற்குச் சில மீட்டரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் வரை திருத்தம் தேவை. ஒரு நாடு திருத்தம் போட்டுத் தரும், இன்னொன்று போடாமல் தரும், இரண்டும் அதைக் குறிப்பிட மறக்கும். உயரத்தை ஒருவர் கடல்மட்டம் சார்ந்து சொல்வார், இன்னொருவர் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்தைச் சார்ந்து சொல்வார். அண்டார்டிகாவில் இந்த இரண்டுக்கும் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும். ஜிபிஎஸ் வராத காலத்துப் பறத்தல்களில் விமானத்தின் இடமே சில கிலோமீட்டர் தவறியிருக்கலாம். இரண்டு நாடுகளின் பறத்தல் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் எண்களை ஒப்பிட்டுத்தான் இந்தக் குற்றங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளாவிட்டால் பிழை அப்படியே தங்கிவிடும்.

நேரமும் சிக்கல்தான். அமெரிக்காவின் மக்மர்டோ நிலையமும் தென்துருவ நிலையமும் நியூசிலாந்து நேரத்தில் இயங்குகின்றன. காரணம், விமானம் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வருகிறது. வேறு நிலையங்கள் வேறு நேரத்தில். எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒன்றுகூடும் இடத்தில் கடிகாரத்தைத் தீர்மானிப்பது சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பது. அதனால் தரவுக் கோப்பில் உலகப் பொது நேரம் மட்டுமே எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது; அதை மீறிய கோப்புகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

விமானம், எரிபொருள், மீட்பு

அண்டார்டிகாவின் டிரோனிங் மாட் பகுதியில் நிலையம் வைத்திருக்கும் அல்லது வேலை செய்யும் 11 நாடுகள் டிரோம்லான் என்ற வான்வழிக் கூட்டமைப்பை நடத்துகின்றன. இந்தியா, நார்வே, ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா எல்லாம் அதில் உண்டு. கேப்டவுனிலிருந்து பெரிய விமானம் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தின் அருகே உள்ள பனி ஓடுதளத்துக்கு வரும். அங்கிருந்து பனிச்சறுக்கு பூட்டிய சிறு விமானங்கள் ஆளையும் கருவியையும் நிலையங்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும். தனித்தனியே விமானம் அமர்த்தினால் எந்தச் சிறிய திட்டமும் கட்டுப்படியாகாது.

பங்கிடும்போது இடையூறும் பங்காகிறது. கோடை உச்சத்தில் நீலப்பனி ஓடுதளம் வெயிலில் இளகினால் தரையிறக்கம் நிற்கும். பாதி வழியைத் தாண்டினால் திரும்ப எரிபொருள் இருக்காது. ஆகவே அந்தப் புள்ளிக்கு முன்னால் தரைவானிலை தெளிவாகாவிட்டால் விமானம் திரும்பிவிடும். ஒரு விமானம் மூன்று நாள் தாமதமானால் பின்னால் நிற்கும் பல நாட்டுக் குழுக்களின் வேலை நாள்கள் குறையும். களத்தில் வேலை செய்யக்கூடிய காலமே நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். அதில் எட்டு நாள் போனால், துளைக்கத் திட்டமிட்ட ஆழத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டும்.

2013 டிசம்பர் இறுதியில் ஆய்வாளர்களும் சுற்றுலாப் பயணிகளுமாக வந்த அகாதெமிக் ஷோகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பல் பனியில் சிக்கியது. சீனாவின் ஷுவெலாங் கப்பலின் ஹெலிகாப்டர் பயணிகள் 52 பேரையும் தூக்கி, ஆஸ்திரேலியாவின் ஆரோரா ஆஸ்ட்ராலிஸ் கப்பலுக்கு மாற்றியது. அதற்குள் ஷுவெலாங்கே சிக்கிக்கொண்டது. பிரெஞ்சுக் கப்பலும் உதவிக்காக வழி மாறியிருந்தது. அமெரிக்காவின் பனி உடைப்புக் கப்பல் போலார் ஸ்டார் புறப்பட்டது. ஜனவரி 7 வாக்கில் இரண்டு கப்பல்களும் விடுபட்டன. மீட்பு வெற்றி, உதவ எந்த நாடும் தயங்கவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் பல நாடுகளின் ஆய்வு அட்டவணைகள் குலைந்தன. ஆபத்தில் உதவுவதற்கான செலவு எந்தத் திட்டத்தின் பட்ஜெட்டிலும் இருப்பதில்லை. யாரோ ஒருவரின் ஆராய்ச்சி நாள்களிலிருந்துதான் அது கழியும்.

ஒப்பந்தம் தந்ததும் தராததும்

1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம் 1961 ஜூன் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. 60 டிகிரி தெற்குக்குக் கீழே உள்ள பகுதிக்கு அது பொருந்தும். ஏழு நாடுகளின் நில உரிமைக் கோரிக்கைகளை அது ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, உறைய வைத்தது. திட்டங்களையும் ஆட்களையும் முடிவுகளையும் பரிமாற வேண்டும் என்றது. 1991இன் மாட்ரிட் நெறிமுறை சுரங்கத் தொழிலைத் தடைசெய்தது. 1994 ஏப்ரலுக்குள் நாய்களையும் வெளியேற்றச் சொன்னது.

நடைமுறையில் ஆய்வாளரைத் தொடுவது அந்த நெறிமுறையின் சுற்றுச்சூழல் மதிப்பீடு. பாதிப்பு மிகச் சிறியதென்றால் உள்நாட்டு முன்னோட்ட மதிப்பீடு போதும். சற்றுக் கூடினால் தொடக்க நிலை ஆய்வு. அதற்கும் மேல், உதாரணமாகப் புதிய நிலையம் என்றால், முழு மதிப்பீட்டின் வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும். 90 நாள் கருத்துக் கேட்பு. ஒப்பந்த நாடுகள் ஆண்டுதோறும் கூடும் ஆலோசனைக் கூட்டத்துக்குக் குறைந்தது 120 நாள் முன்னதாக வரைவு சேர வேண்டும். ஒரு தேதி தவறினால் ஓராண்டு போயிற்று. கூட்டுத் திட்டத்தில் எந்த நாட்டின் சட்டப்படி அனுமதி வாங்குவது என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்யாதவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒப்பந்தத்தின் ஒரு விதி மட்டும் எதிர்விளைவைத் தந்தது. முடிவெடுக்கும் உரிமை வேண்டுமானால் நிலையம் அமைப்பது அல்லது பயணம் அனுப்புவது போன்ற கணிசமான ஆய்வுப் பணி காட்ட வேண்டும். அதனால் எளிதில் எட்டக்கூடிய கிங் ஜார்ஜ் தீவில் சிலி, ரஷ்யா, சீனா, உருகுவே, தென்கொரியா, அர்ஜென்டினா, பிரேசில், போலந்து என்று நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. பெரிய கிழக்கு அண்டார்டிகாவின் உட்பகுதியிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்களே. நிலையம் இல்லாமலும் முடியும் என்று காட்டியது நெதர்லாந்து: போலந்து நிலையத்தில் தங்கி ஆய்வு செய்து 1990இல் முடிவெடுக்கும் உரிமை பெற்றது, 2013இல் பிரிட்டனின் ரொதேரா நிலையத்தில் கொள்கலன்களுக்குள் தன் ஆய்வகத்தை வைத்தது. பிரான்சும் இத்தாலியும் ஒன்றாக நடத்தும் கான்கார்டியா நிலையம் இன்னொரு வழி. இந்த வழிகளில் இன்னும் அதிக நாடுகள் நடந்திருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் உரிமை உள்ள 29 நாடுகளும் ஒருமித்தால்தான் எந்த முடிவும். கனடாவும் பெலாரூசும் முடிவெடுக்கும் உரிமை கேட்டதில் 2024இன் கொச்சிக் கூட்டத்தில் ஒருமிப்பு வரவில்லை. பேரரசப் பெங்குயினைச் சிறப்புப் பாதுகாப்பு இனமாக்கும் யோசனையும் 2022இல் இப்படியே நின்றது.

வடக்கே வேறு கதை

வடதுருவத்தில் உறைய வைக்க வேண்டிய நிலக்கோரிக்கை இல்லை. இருக்கும் நிலமெல்லாம் யாருக்காவது சொந்தம். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள நி-ஓலசண்ட் சிற்றூரில் சுமார் பத்து நாடுகளின் ஆய்வு நிலையங்கள் நார்வே அரசு நிறுவனத்தின் வாடகைக் கட்டடங்களில் இயங்குகின்றன. 1962இல் 21 பேரைப் பலிகொண்ட வெடிவிபத்தோடு மூடிய நிலக்கரிச் சுரங்க ஊர் அது. அங்கே வைஃபையும் புளூடூத்தும் கூடாது. பூமியின் சுழற்சியைத் துல்லியமாக அளக்கும் வானொலி ஆண்டெனாவுக்காக 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அலைமௌனம். ஒரு நாட்டின் கருவிக்காக மற்ற எல்லா நாட்டினரும் தங்கள் கைப்பேசியின் வசதியை விட்டுக்கொடுக்கிறார்கள்.

மொசைக் பயணம் இன்னும் பெரிய ஒழுங்கு. 2019 செப்டம்பரில் நார்வேயின் டிராம்சோவிலிருந்து புறப்பட்ட ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் பனித்திட்டு ஒன்றில் தன்னைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மிதந்தது. 20 நாடுகள்; செலவு 14 கோடி யூரோவுக்கு மேல். ஐந்து கட்டங்களாக ஆட்கள் மாறினார்கள். ஆள் மாறும்போது பனியின் தடிமனை அளக்கும் பழக்கம் சற்று மாறினாலும் வரைபடத்தில் படிக்கட்டுபோல் ஒரு துள்ளல் விழும். இயற்கை மாற்றமா கை மாற்றமா என்று பின்னால் சொல்ல முடியாது. அதற்காகவே எழுத்து வடிவ நடைமுறைகளும் ஒப்படைப்பும். கப்பல் புகை படக்கூடாத பகுதி, விளக்கு வெளிச்சம் படக்கூடாத பகுதி என்று பனித்திட்டையே பிரித்திருந்தார்கள். ரஷ்யப் பனி உடைப்புக் கப்பல்கள் ஆளும் எரிபொருளும் கொண்டுவந்தன. 2020 வசந்தத்தில் கொரோனா வந்து எல்லைகள் மூடியதும், போலார்ஸ்டெர்ன் சில வாரம் பனித்திட்டை விட்டு விலகி, ஸ்வால்பார்டு அருகே வந்த இரு ஜெர்மன் கப்பல்களிடம் ஆட்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில் கப்பலிலிருந்து எடுக்கும் அளவீடுகள் இல்லை. தானியங்கிக் கருவிகள் மட்டும் பனித்திட்டில் தொடர்ந்தன. முதலில் பங்கேற்றவர்களுக்கு, 2023 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் என்று தரவு வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே குறித்திருந்தார்கள். பங்காளிகளுக்குள் யார் முதலில் கட்டுரை எழுதுவது என்ற சண்டையை இந்த ஒரு வரி பெருமளவு அடக்கியது.

அந்த ரஷ்யக் கப்பல்களை நினைத்துப் பார்த்தால் இன்றைய நிலை புரியும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, எட்டு ஆர்க்டிக் நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் வேலைகளை மற்ற ஏழு நாடுகள் மார்ச்சில் நிறுத்திவைத்தன. அந்த ஆண்டு ஜூனில் ரஷ்யா இல்லாத பணிகளை மட்டும் முதலில் தொடங்கின. ஆய்வாளர்கள், கருவிகள், மாதிரிகள் எல்லை தாண்ட உதவுவதற்காக எட்டு நாடுகள் 2017இல் ஃபேர்பேங்க்சில் செய்த உடன்பாடு சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறது. நடு ஆர்க்டிக் கடலில் முதலில் ஆய்வு, பிறகே மீன்பிடிப்பு என்று ரஷ்யா உட்பட பத்துத் தரப்புகள் செய்த உடன்பாடும் 2021 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் நிலத்தில் கதவுகள் சாத்தியிருக்கின்றன.

ஆர்க்டிக் கடற்கரையில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுடையது. நிரந்தர உறைமண்ணின் பெரும்பங்கு சைபீரியாவில். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, ஆர்க்டிக் நிலையங்களின் பட்டியலிலிருந்து ரஷ்ய நிலையங்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தது. மிச்ச நிலையங்கள் தரும் சித்திரம் முழு ஆர்க்டிக்கிலிருந்து விலகியது. சில காரணிகளில் அந்த விலகல், இந்த நூற்றாண்டு முடிவுக்குள் காலநிலை மாற்றமே கொண்டுவரும் என்று எதிர்பார்க்கப்படும் மாற்றத்தின் அளவுக்கு இருந்தது. செயற்கைக்கோள் இதைச் சரிசெய்யாது. அது மேற்பரப்பின் வெப்பத்தையும் தாவரத்தையும் பார்க்கும்; பத்து மீட்டர் ஆழத்தில் மண் எத்தனை டிகிரி என்பதைத் துளைக்குள் தொங்கும் வெப்பமானிதான் சொல்லும். அதை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது போய்ப் படித்து, மின்கலம் மாற்றி, பொதுக் கிடங்கில் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு 2032-33இல் நடக்கவிருக்கிறது. முதல் ஆண்டுக்குச் சரியாக 150 ஆண்டு கழித்து. விமானத்தை அதற்குள் ஏற்பாடு செய்துவிடலாம், வெட்டுத் திட்டத்தையும் எழுதிவிடலாம். 2022க்குப் பிறகு சைபீரியத் துளைகளில் படிக்காமலோ பகிராமலோ போன வெப்பநிலைகளை 2032இல் போய் அளக்க முடியாது.